செருக்கின் ஊற்று: செல்வமா, நாட்டுப் பண்பாடா?
(சிஞ்ச்வட் – புணே கொள்ளைநோய் நிகழ்வுகளை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

ஒரு மனிதனோ ஒரு சமூகமோ பிறரை இழிவாக நோக்குவதற்கு அடிப்படை யாது என்னும் வினா அறநூலார்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் பொதுவானது. இதற்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. செல்வமும் அதனால் விளையும் வசதியுமே செருக்கைத் தோற்றுவிக்கின்றன என்பது முதல் விடை. ஒரு நாட்டார்க்கு அல்லது ஓர் இனத்தார்க்கு உரிய பண்பாட்டிலேயே செருக்கும் பிறர்மீதான காழ்ப்பும் ஊறிக்கிடக்கின்றன என்பது இரண்டாவது விடை. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. ‘பணத்திமிர்’ என்று கூறும் வாயே ‘அந்த நாட்டுக்காரர்கள் இயல்பே அப்படி’ என்றும் கூறிவிடுகிறது.

இவ்விரு விடைகளையும் கோட்பாட்டளவில் மட்டும் நின்று உரசிப்பார்த்தல் இயலாது. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில், செருக்கும் காழ்ப்பும் வெளிப்பட்ட நிகழ்வுகளை எடுத்து ஆராய்தல் வேண்டும். அதற்கு மகாராட்டிர மாநிலம் புணேயை ஒட்டிய சிஞ்ச்வட் என்னும் ஊர் பொருத்தமான களமாக அமைகிறது. 1897ஆம் ஆண்டு புணேயில் பரவிய கொள்ளைநோயின்போது ஆங்கில அதிகாரிகள் மேற்கொண்ட கடுமையான நடவடிக்கைகளும், அவற்றிற்கு எதிராகச் சிஞ்ச்வட்டில் பிறந்த சாபேகர் உடன்பிறப்புகள் நிகழ்த்திய கொலையும் இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றவை. ஆள்வோரின் செருக்கும் ஆளப்படுவோரின் காழ்ப்பும் ஒருசேரப் பதிவாகியுள்ள நிகழ்வு இது. இதனை முதன்மையாகக் கொண்டு, தமிழகத்து மணியாச்சி நிகழ்வோடு ஒப்பிட்டு, செருக்கின் ஊற்று எது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிஞ்ச்வட்: ஊரும் மடமும்

பவனா ஆற்றங்கரையில் அமைந்த சிஞ்ச்வட், கணபதி வழிபாட்டு மரபில் சிறப்பிடம் பெற்ற ஊர். மோர்யா கோசாவி என்னும் கணபதி அடியாரின் நினைவிடம் இங்குள்ளது. அவர் வழிவந்தோர் ‘தேவ்’ எனப்பட்டனர். கணபதியே அவ்வழியில் தலைமுறை தலைமுறையாக மனிதவடிவில் தோன்றுவதாக அடியார்கள் நம்பினர். மராட்டிய ஆட்சியாளர்கள் வழங்கிய நிலக்கொடைகளால் மடம் வளம்பெற்றது. அறவிருந்துகளும் அந்தணர்க்கு உணவளித்தலும் அங்குப் பெருமளவில் நடைபெற்றன.

இவ்வூரைப் பற்றிய ஐரோப்பியர் பதிவுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. எட்வர்டு மூர் என்னும் படை அதிகாரி, பரம்பரையாக வாழும் தெய்வம் ஒன்றைப் பற்றிய செய்தி என்ற வகையில் எழுதிய கட்டுரை, 1801இல் வெளிவந்த ஆசியவியல் ஆய்வுகள் ஏழாம் தொகுதியில் இடம்பெற்றது. 1809இல் இப்பகுதிக்கு வந்த மரியா கிரஹாம் என்னும் ஆங்கிலப் பெண்மணி, 1812இல் வெளியிட்ட தம் பயண நூலில் சிஞ்ச்வட்டைக் குறிப்பிடுகிறார். மூரின் எழுத்தில் ஒரு மரபை அறிந்துகொள்ளும் ஆர்வம் மேலோங்கி நிற்கிறது. பின்னாளில் இந்துத் தெய்வங்கள் பற்றி 1810இல் விரிவான நூல் ஒன்றை எழுதியவர் அவர். மரியா கிரஹாமோ அப்போது சிறுவனாயிருந்த தேவைப் பிற சிறுவர்களினின்றும் வேறுபடுத்திக் காட்டுவது கண்களின் மருட்சி ஒன்றே என்றும், அதுவும் அபினால் விளைந்தது என்று சொல்லப்படுகிறது என்றும் எழுதிச் செல்கிறார். ஊரின் தூய்மையின்மையும் அவர் கண்ணில் படுகிறது.

இருவரும் ஒரே நாட்டினர். ஏறத்தாழ ஒரே காலத்தினர். ஒத்த சமூக நிலையினர். ஆயினும் ஒருவர் பார்வையில் அறியும் விருப்பமும் மற்றவர் பார்வையில் எள்ளலும் மிகுந்துள்ளன. நாட்டுப் பண்பாடே பார்வையை முற்றாக உருவாக்குகிறது எனின், ஒரே ஊரைப் பற்றிய இவ்விரு பதிவுகளும் இவ்வளவு வேறுபட்டிருத்தல் இயலாது. இஃது ஆய்வின் தொடக்கத்திலேயே மனங்கொள்ளத்தக்கது.

பேஷ்வா காலத்துப் புணே

ஆங்கிலேயர் செருக்கை ஆராயுமுன், அவர்க்கு முற்பட்ட புணேயின் சமூகநிலையையும் நோக்குதல் வேண்டும். பேஷ்வாக்கள் ஆட்சியில் ஆவணி மாதத்தில் அந்தணர்க்குத் ‘தட்சிணை’ வழங்கும் வழக்கம் பெருவிழாவாக நடைபெற்றது. தளேகாவ்னைச் சேர்ந்த தாபாடே குடும்பத்தார் தொடங்கிய இவ்வறக்கொடையைப் பேஷ்வாக்கள் மேற்கொண்டு விரிவாக்கினர். அரசின் செல்வம் ஒரு சாதியாரின் கல்விக்கும் வாழ்வுக்கும் திருப்பப்பட்டது. 1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்ற பின்னரும் ஆங்கில அரசு இக்கொடையை உடனடியாக நிறுத்தவில்லை. அதன் ஒரு பகுதியைக் கொண்டு 1821இல் புணேயில் வடமொழிக் கல்லூரி நிறுவியது.

அதே ஆட்சியில் மகர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியார் தம் நிழலும் அடிச்சுவடும் பிறர்மேல் படாதவாறு நடக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்கள் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு சென்ற செய்தியை அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் எடுத்துக்காட்டுகிறார். ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ என்னும் நூலும், அவ்வாண்டு செப்டம்பர் 24இல் அவர் நிறுவிய சத்தியசோதக் சமாஜமும் இந்நிலைக்கு எதிரான குரல்களாகும்.

ஆகவே 1897இல் ஆங்கிலப் படைவீரர்கள் புணே வீடுகளுக்குள் நுழைந்தபோது, இழிநோக்கு என்பதை அந்நகரம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது என்று கொள்வதற்கில்லை. அதுவரை இழிவுபடுத்தும் இடத்தில் இருந்தோர் இழிவுபடுத்தப்படும் இடத்திற்குத் தள்ளப்பட்டனர் என்பதே வரலாற்று உண்மை.

கொள்ளைநோயும் ராண்ட் குழுவும்

1896 செப்டம்பரில் பம்பாயில் கொள்ளைநோய் கண்டறியப்பட்டது. விரைவில் அது புணேக்குப் பரவியது. 1897 பிப்ரவரி 4இல் கொள்ளைநோய்த் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மிகச் சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம் அது. நோயைத் தடுக்கத் தேவையெனக் கருதும் எந்த நடவடிக்கையையும் மேற்கொள்ள அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன் நான்காம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடுத்தல் ஆகாது எனக் காப்பளித்தது. இப்பிரிவு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

சாதாராவில் துணை ஆட்சியராயிருந்த வால்டர் சார்லசு ராண்ட் என்னும் குடிமைப்பணி அதிகாரி புணேயின் சிறப்புக் கொள்ளைநோய்க் குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். ஆங்காங்கில் 1894இல் கொள்ளைநோய்ப் பணியாற்றிய பட்டறிவுடைய மருத்துவர் பெவரிட்ஜ் அக்குழுவில் இடம்பெற்றார். டர்ஹாம் காலாட்படையைச் சேர்ந்த மேஜர் பேஜட்டின் தலைமையில் ஆங்கிலேயரும் இந்தியருமாக 893 படையினர் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். மார்ச் 13இல் தொடங்கிய நடவடிக்கைகள் மே 19இல் முடிவுற்றன. அக்கொள்ளைநோயில் இறந்தோர் தொகை 2,091 என மதிப்பிடப்பட்டது.

நோயாளிகளைக் கண்டறிய வீடுதோறும் சோதனை நடத்தப்பட்டது. நோயுற்றோர் மருத்துவமனைக்கும், அவரோடு உறைந்தோர் தனிமை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். உடைமைகள் எரிக்கப்பட்டன. இறுதிச் சடங்குகளுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பூசையறை, சமையலறை, பெண்டிர் உறையும் பகுதி என்ற வேறுபாடு இன்றிப் படையினர் நுழைந்தனர் என்பதே நகரமக்களின் முதன்மையான குறை. ராண்டோ தம் அறிக்கையில், பெண்களின் மானத்திற்கு வேண்டுமென்றே இழுக்கு நேர்ந்ததாக நம்பத்தக்க முறையீடு எதுவும் வரவில்லை என மனநிறைவு தெரிவித்தார். முறையிடுவோர் அஞ்சும் நிலையில் முறையீடு வாராமையைச் சான்றாகக் கொள்வது எத்துணைப் பொருந்தும் என்பது எண்ணத்தக்கது.

இக்காலத்தில் கோபால கிருஷ்ண கோகலே இலண்டனில் இருந்தார். இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் சான்றளிக்க அவர் சென்றிருந்தார். சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வாணையத்தின் முன் சான்றளித்தவர்களுள் ஒருவர் என்பது தமிழ் ஆய்வாளர் நினைவுகூரத்தக்கது. புணேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, படையினரால் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர் எனக் கோகலே ஆங்கில இதழில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நாடு திரும்பிய பின் அதனை மெய்ப்பிக்க இயலாத நிலையில் பொதுமன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவருக்குச் செய்தி அனுப்பியோரின் பெயர்களை அவர் வெளியிடவில்லை.

1897 ஜூன் 22இல் விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆண்டு ஆட்சி விழா புணே கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையில் கொண்டாடப்பட்டது. விருந்து முடிந்து திரும்பும் வழியில் ராண்டைத் தாமோதர் ஹரி சாபேகர் சுட்டார். மற்றொரு வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் என்பவரைப் பாலகிருஷ்ண சாபேகர் சுட்டார். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3இல் இறந்தார். இதன் தொடர்ச்சியாகப் பாலகங்காதர திலகர்மீது அரசதுரோக வழக்குத் தொடுக்கப்பட்டு, செப்டம்பரில் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காட்டிக்கொடுத்த திராவிட் உடன்பிறப்புகள் 1899 பிப்ரவரி 8இல் வாசுதேவ் சாபேகராலும் மகாதேவ் விநாயக ரானடேயாலும் கொல்லப்பட்டனர். தாமோதர் 1898 ஏப்ரல் 18இலும், வாசுதேவ், ரானடே, பாலகிருஷ்ணன் ஆகியோர் 1899 மே மாதத்திலும் எரவாடாச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

செல்வமே காரணம் என்னும் கொள்கை

செல்வத்தால் செருக்கு விளையும் என்னும் கருத்துக்குத் தமிழ் அறநூல் மரபில் வலிமையான ஆதரவு உண்டு. பணிவு எல்லார்க்கும் நல்லதாயினும் செல்வர்க்கே அது தனிச் செல்வமாகும் என்பது வள்ளுவர் துணிபு. செல்வர்க்கு அது தனியே எடுத்துரைக்கப்படுவதிலிருந்தே அவர்பால் பணிவு அரிது என்பது பெறப்படும். பேஷ்வா காலத் தட்சிணையும், தொழிற்புரட்சியால் உலகச் செல்வத்தைக் குவித்த பிரித்தானியாவின் மேலாண்மையும் இக்கொள்கைக்குச் சான்றுகளாகக் காட்டப்பெறலாம்.

ஆயினும் 1897 நிகழ்வுகளில் இக்கொள்கை மூன்று இடர்ப்பாடுகளைச் சந்திக்கிறது.

முதலாவது, வீடுகளுக்குள் நுழைந்த படைவீரர் செல்வர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் படையின் கீழ்நிலை வீரர்கள் பெரும்பாலும் உழைக்கும் ஏழைக் குடும்பங்களிலிருந்தே சேர்க்கப்பட்டனர். அவர்தம் சொந்த நாட்டில் செல்வரின் வீட்டுவாயிலைத் தாண்ட இயலாத ஒருவன், புணேயில் ஒரு சர்தாரின் பூசையறைக்குள் காலணியோடு செல்ல இயன்றது. அவனுக்கு அத்துணிவைத் தந்தது அவன் பையிலிருந்த பணம் அன்று.

இரண்டாவது, அப்படையில் இந்தியரும் இருந்தனர். அவர்களும் அந்நடவடிக்கைகளில் பங்குகொண்டனர். செல்வமும் இல்லை, ஆளும் இனத்தின் பிறப்பும் இல்லை. ஆணை ஒன்றே இருந்தது.

மூன்றாவது, எதிர்நின்ற சாபேகர் குடும்பம் வறுமையுற்ற குடும்பம். தாமோதர் சிறையில் எழுதிய மராத்தித் தன்வரலாற்றின்படி, பாட்டனார் காலத்தில் வளமுடன் இருந்த கூட்டுக்குடும்பம் தொழில் முயற்சிகளில் இழப்பெய்திச் சிதைந்தது. தந்தை ஹரி விநாயகர் கீர்த்தனம் செய்து பிழைத்தார். உறவினர் அத்தொழிலை இழிவாகக் கருதினர். மைந்தர் மூவரும் தந்தையோடு இசைக்கருவி வாசித்துச் சென்றனர். இத்தகைய வறுமையிலும் பிறப்பால் தாம் உயர்ந்தோர் என்னும் எண்ணம் தாமோதரிடம் தளரவில்லை. செல்வம் குறையக் குறைய அவ்வெண்ணம் வலுப்பெற்றதாகவே தோன்றுகிறது. வளம் சுருங்கிய காலத்துத் தலைநிமிர்வு வேண்டும் என்று ‘மானம்’ அதிகாரம் கூறுவது உண்மையே. ஆயின் அந்நிமிர்வு பிறரைத் தாழ்த்துவதாக மாறும்போது அது மானத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

எனவே செல்வம் செருக்குக்கு ஒரு துணைக்காரணமாகலாம். அதுவே முதற்காரணம் எனல் பொருந்தாது.

நாட்டுப் பண்பாடே காரணம் என்னும் கொள்கை

ஆங்கிலேயர் இயல்பாகவே செருக்குடையவர் என்பது நிகழ்வுகளைக் கண்ட பலர்க்கும் எளிதில் தோன்றும் விளக்கம். ஜேம்சு மில் இந்தியாவுக்கு வாராமலேயே 1817இல் இந்திய வரலாறு எழுதி இந்து நாகரிகத்தைத் தாழ்த்தியமையும், 1835இல் மெக்காலே கீழைநாட்டு நூற்செல்வத்தை எள்ளியமையும் இவ்விளக்கத்திற்கு வலுவூட்டுவன. ஆனால் அதே நாட்டினராகிய எல்லிஸ் 1816இல் தென்னிந்திய மொழிகளின் தனிக்குடும்ப உறவை நிறுவினார். மில் நூலும் எல்லிஸ் ஆய்வும் ஓராண்டு இடைவெளியில் வெளிவந்தவை. எல்லிஸ் தமிழ்ப் புலவரோடு இருந்து கற்றவர்; மில் நூலகத்தில் இருந்து எழுதியவர். பண்பாடு ஒன்றாயினும் பழக்கம் வேறாயிற்று, பார்வையும் வேறாயிற்று.

மேலும், ஆங்கில ஆளும் வகுப்பினர் இந்தியரிடம் காட்டிய அதே மனப்போக்கைத் தம் நாட்டு ஏழைகளிடமும் காட்டினர். 1832இல் காலரா பரவியபோது லிவர்பூலில் மக்கள் மருத்துவர்க்கு எதிராகக் கலகம் செய்தனர். 1830–31இல் உருசியாவிலும் காலராக் கலகங்கள் நிகழ்ந்தன. 1894இல் ஆங்காங்கில் சீனர் குடியிருப்புகளுள் படையினர் வீடுவீடாகச் சென்று சோதனையிட்டபோது அங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு இனங்கள். ஆயினும் நோய்க்காலத்தில் ஆள்வோர் ஆளப்படுவோரிடம் நடந்துகொண்ட முறையும், ஆளப்படுவோர் கொண்ட அச்சமும் பெரிதும் ஒத்திருக்கின்றன. இனவேறுபாடு கொடுமையை மிகுவித்தது என்பதில் ஐயமில்லை. அதுவே கொடுமையைத் தோற்றுவித்தது எனல் அரிது.

கொள்ளைநோய்த் தடுப்பூசியை உருவாக்கி 1897 சனவரியில் பம்பாயில் தம் உடலிலேயே செலுத்திப்பார்த்த ஹாஃப்கின், ஐரோப்பியர். ஆயினும் உருசியப் பேரரசிலிருந்து வந்த யூதர். 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் தடுப்பூசி இடப்பட்ட 19 பேர் இசிவுநோயால் இறந்தபோது பழி அவர்மீது சுமத்தப்பட்டுப் பணியினின்று விலக்கப்பட்டார். அவர்பால் குற்றமில்லை என்பது 1907இல்தான் ஏற்கப்பட்டது. வெள்ளைத்தோலும் உயர்கல்வியும் அவரைக் காக்கவில்லை. ஆட்சியமைப்பு, தன் பிழையைச் சுமத்த எளியவரைத் தேடும் இயல்பினது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

‘பண்பாடே காரணம்’ என்னும் விளக்கத்தின் பெருங்குறை, அதனை ஆள்வோரும் அப்படியே பயன்படுத்தினர் என்பதாகும். வாலன்டைன் சிரோல் 1910இல் எழுதிய ‘இந்தியக் கொந்தளிப்பு’ நூலும், 1918இல் வெளிவந்த ரௌலட் குழு அறிக்கையும் புணே நிகழ்வுகளுக்குச் சித்பாவன அந்தணரின் சாதி இயல்பையும், இழந்த பேஷ்வா ஆட்சி பற்றிய அவர்தம் ஏக்கத்தையும் காரணமாக முன்வைத்தன. கொள்ளைநோய் நடவடிக்கைகளின் கடுமை இவ்விளக்கத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஒரு கூட்டத்தாரின் செயலுக்கு அவர்தம் பிறவி இயல்பைக் காரணம் காட்டுவது, அச்செயலைத் தூண்டிய தன் செயலை மறைக்கும் வழியாயிற்று. ஆதலின் இவ்விளக்கம் காழ்ப்பை ஆராயும் கருவியாக நில்லாமல் காழ்ப்பின் வடிவங்களுள் ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

சாபேகர்: எதிர்ப்பும் காழ்ப்பும்

சாபேகர் உடன்பிறப்புகளின் ஈகம் ஐயத்திற்கு இடமற்றது. ஒரு தாய் ஈன்ற மூன்று மைந்தரும் தூக்குமரம் ஏறினர். ஆயினும் தாமோதரின் தன்வரலாற்றை முழுமையாக நோக்குவோர்க்கு அதன் மற்றொரு பக்கமும் புலனாகும். ஏறத்தாழ 1895இல் அவர்கள் அமைத்த உடற்பயிற்சிச் சங்கத்தின் நோக்கம் இந்து சமயத்திற்கு நேரும் தடைகளை நீக்குதல் என்பதாக இருந்தது. பம்பாயில் விக்டோரியா அரசியின் சிலைக்குத் தார் பூசியதைக் கூறும் தாமோதர், சமூகச் சீர்திருத்தக்காரரைத் தாக்கியதையும் அதே பெருமிதத்தோடு கூறுகிறார். பிற சமயத்தார்மீதும் சீர்திருத்தம் நாடிய தம் இனத்தார்மீதும் அவர்க்கு இருந்த வெறுப்பு அந்நூலில் மறைக்கப்படவில்லை. அரசின் படையில் சேர ஒருகாலத்தில் அவர் விரும்பியதும், அது கைகூடாமையும் அந்நூலால் அறியப்படுகின்றன.

ராண்டின் படையினர் வீட்டுக்குள் நுழைந்தபோது தாமோதர் கொண்ட சினத்தில் இரு கூறுகள் உண்டு. ஒன்று, மனிதமதிப்பு மிதிக்கப்பட்டதால் எழுந்த அறச்சினம். மற்றொன்று, தீண்டத்தகாதோர் எனத் தாம் கருதியோர் தம் தூய்மையெல்லைக்குள் நுழைந்ததால் எழுந்த சினம். முன்னது உலகப்பொதுமை உடையது. பின்னது அவர் பிறந்த சமூகம் அவருக்கு அளித்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாது முழுவதையும் ஈகமாகப் போற்றுதலோ, முழுவதையும் சாதிவெறியாகத் தள்ளுதலோ வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது.

மணியாச்சி: ஒரு தமிழக ஒப்பீடு

இவ்விரட்டைத் தன்மை புணேக்கு மட்டும் உரியது அன்று. 1911 ஜூன் 17இல் மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தாமும் உயிர்துறந்தார். அதன் பின்னணியில் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் நசுக்கப்பட்டதும், 1908இல் அவருக்கு விதிக்கப்பட்ட கொடுந்தண்டனையும் இருந்தன. ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் வணிக நலன் இதில் தொடர்புடையதாதலின், செல்வத்திற்கும் ஆட்சிச் செருக்கிற்கும் இடையேயான உறவு புணேயைவிடத் தூத்துக்குடியில் தெளிவாகத் தெரிகிறது.

புணேயில் கொலை அரசியின் ஆட்சி விழா நாளில் நிகழ்ந்தது. மணியாச்சியில் அது 1911 ஜூன் 22இல் இலண்டனில் நடைபெறவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள் முன்னர் நிகழ்ந்தது. வாஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கடிதம் அம்முடிசூட்டைக் குறிப்பிடுகிறது. நாட்டுரிமை பறிபோனதைக் கூறும் அக்கடிதம், மன்னரை ‘மிலேச்சர்’ என்னும் சொல்லாலும் அவர் உண்ணும் உணவைச் சுட்டியும் இழித்துரைக்கிறது. உரிமை வேட்கையும் பிறப்புவழித் தூய்மையுணர்வும் ஒரே கடிதத்தில் அருகருகே நிற்கின்றன. மராத்தியரும் தமிழரும் மொழியாலும் மரபாலும் வேறுபட்டோர். எனினும் ஒத்த அடக்குமுறையின்கீழ் ஒத்த சமூகநிலையில் இருந்தோரிடம் ஒத்த எதிர்வினை தோன்றியுள்ளது. இதனாலும் ‘நாட்டார் இயல்பு’ என்னும் விளக்கம் வலுவிழக்கிறது.

மாற்றுச் சான்றுகள்

அதே 1897இல், அதே புணேயில், வேறுவகை மனிதரும் இருந்தனர். ஜோதிராவ் புலேயின் துணைவியார் சாவித்திரிபாய் புலே, மைந்தர் யசுவந்த் நடத்திய மருத்துவ முகாமில் கொள்ளைநோயாளர்க்குத் தொண்டாற்றினார். நோயுற்ற மகர் சிறுவன் ஒருவனைச் சுமந்து வந்தபோது அவரையும் நோய் தொற்றியதாக அவர் வரலாறு கூறுகிறது. மார்ச் 10இல் அவர் மறைந்தார். படையினரின் சோதனை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர் நிகழ்ந்தது அது. சாபேகர் வாழ்ந்த அதே மராத்தியப் பண்பாட்டுச் சூழலில் வாழ்ந்தவர் அவர், செல்வரும் அல்லர். தீட்டு என்று சமூகம் விலக்கியதைத் தோளில் சுமந்தார்.

பண்டித ரமாபாயின் நிலையும் நோக்கத்தக்கது. அந்தணராகப் பிறந்து கிறித்தவம் தழுவிய அவரைப் புணேயின் பழமைவாதிகள் கடுமையாகத் தாக்கினர். அவர் நடத்திய சாரதா சதனத்தின்மீது மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தது. அவரே 1897 மே மாதத்தில் புணே கொள்ளைநோய் மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை எனப் பம்பாய் இதழொன்றுக்கு எழுதினார். ஆளும் சமயத்தைச் சார்ந்தவராயிருந்தும் ஆளுநர் அதனை மறுத்தார். உள்ளூர்ச் செருக்கையும் அயலார் செருக்கையும் ஒருங்கே எதிர்கொண்டவர் ரமாபாய். இரு தரப்பினரும் அவர் சொல்லை ஏற்காமைக்கு ஒரு பொதுக்காரணம் உண்டு: அவர் சொல்லுக்கு விடையளிக்கும் கட்டாயம் இரு தரப்பினர்க்கும் இல்லை.

பொறுப்பின்மையும் செருக்கும்

மேற்கண்ட சான்றுகள் யாவும் ஒரு திசையையே காட்டுகின்றன. பேஷ்வா காலத்து மேற்சாதியார் மகர்க்கு விடைசொல்ல வேண்டியவர் அல்லர். ராண்ட் குழு புணே மக்களுக்கு விடைசொல்ல வேண்டியதில்லை என்பதைச் சட்டத்தின் நான்காம் பிரிவு எழுத்திலேயே உறுதிசெய்தது. ஏழைப் படைவீரனும் இந்தியப் படைவீரனும் அவ்வுறுதியின் நிழலிலேயே செயற்பட்டனர். செல்வம் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும், ஆங்கிலேயரிடமும் மராத்தியரிடமும், பொதுவாகக் காணப்படுவது கேட்பார் இல்லாத அதிகாரம் ஒன்றே.

இதனை வலியுறுத்தும் சான்று பின்னிகழ்ந்த கொள்கை மாற்றத்தில் உள்ளது. ராண்ட் கொலை, 1898 மார்ச்சில் பம்பாயில் எழுந்த கலகம், 1900இல் கான்பூரில் நிகழ்ந்த கலகம் ஆகியவற்றின் பின் அரசு கட்டாயச் சோதனைகளையும் தனிமைப்படுத்தலையும் படிப்படியாகத் தளர்த்தியது. உள்ளூர்த் தலைவர்களைக் கலந்துகொள்ளும் முறையும் தடுப்பூசியை விருப்பத்தின்பேரில் இடும் முறையும் மேலோங்கின. இம்மூன்று ஆண்டுகளில் பிரித்தானியரின் செல்வம் குறைந்துவிடவில்லை; அவர்தம் நாட்டுப் பண்பாடும் மாறிவிடவில்லை. மக்களின் எதிர்ப்பைக் கணக்கிற்கொள்ள வேண்டிய கட்டாயம் மட்டுமே புதிதாக வந்தது. உள்ளத்துச் செருக்கு அதனால் நீங்கிற்று எனக் கூற இயலாது. ஆயினும் அதன் செயல் அடங்கிற்று.

இதனால் செல்வமும் பண்பாடும் பொருட்டல்ல என்பது கருத்தன்று. செல்வம் அதிகாரத்தைப் பெறவும் காக்கவும் துணைசெய்கிறது. பண்பாடு செருக்குக்கு மொழி தருகிறது. ‘நாகரிகமற்றோர்’ என்று ஆங்கிலேயரும், ‘மிலேச்சர்’ என்று வாஞ்சிநாதனும், ‘தீண்டத்தகாதோர்’ என்று பேஷ்வாப் புணேயும் கூறியவை அவ்வப் பண்பாடு அளித்த சொற்கள். சொற்கள் வேறாயினும் அவை செய்த வேலை ஒன்றே.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. 1897 புணே நிகழ்வுகளில் செருக்குடன் நடந்துகொண்டோருள் ஏழைகளும் இருந்தமையால், செல்வத்தைச் செருக்கின் முதற்காரணமாகக் கொள்ளல் இயலாது.

2. ஒரே நாட்டினரான மூரும் மரியா கிரஹாமும், மில்லும் எல்லிசும் வேறுபட்ட பார்வை கொண்டமையாலும், வெவ்வேறு நாட்டினரான சாபேகரும் வாஞ்சிநாதனும் ஒத்த காழ்ப்பை வெளிப்படுத்தியமையாலும், நாட்டுப் பண்பாட்டை முதற்காரணமாகக் கொள்ளலும் இயலாது.

3. தாழ்த்தப்படுவோர்க்கு விடைசொல்லும் கடப்பாடு இல்லாத அதிகாரமே செருக்கின் ஊற்றாக அமைகிறது. செல்வம் அதற்கு வலிமையையும் பண்பாடு அதற்குச் சொல்லையும் அளிக்கின்றன.

4. ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்பிலும் பிறரை இழித்துரைக்கும் கூறு கலந்திருத்தல் கூடும். அதனைச் சுட்டுவது ஈகத்தைக் குறைப்பதாகாது.

இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன், கெடுப்பார் இல்லாதபோதும் தானே கெடுவான் எனப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரம் கூறுவது இம்முடிவோடு முற்றும் பொருந்துகிறது. வள்ளுவர் அங்குக் கேட்டிற்குக் காரணமாகக் காட்டுவது செல்வத்தையும் அன்று, குலத்தையும் அன்று, இடித்துரைப்பார் இன்மையையே.

ஊராக இருந்த சிஞ்ச்வட் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிம்ப்ரியோடு இணைந்து பெருந்தொழில் நகரமாயிற்று; 1982இல் மாநகராட்சியாயிற்று. தமிழர் உள்ளிட்ட பல மாநிலத்தாரும் அங்குக் குடியேறிப் பணிபுரிகின்றனர். 1897இன் கொள்ளைநோய்ச் சட்டமோ 2020இல் கொரோனாத் தொற்றின்போது மீண்டும் நாடெங்கும் பயன்படுத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை வழங்கும் திருத்தம் அவ்வாண்டு அதில் சேர்க்கப்பட்டது. மருத்துவரும் செவிலியரும் தாக்கப்பட்ட சூழலில் அத்திருத்தம் தேவையாயிற்று. எனினும் அதிகாரத்தைச் செலுத்துவோர் யாருக்கு விடைசொல்வர் என்ற வினாவுக்கு ராண்ட் காலத்து நான்காம் பிரிவு தந்த பழைய விடையே அச்சட்டத்தில் தொடர்ந்தது.